காற்றைக் கணக்கிட்ட றிச்சாட்சன்

முதலாம் உலகப் போர்க்காலத்திலே, பிரான்சு தேசத்துப் போர்முனையிற் காயமுற்றோரை ஏற்றிச்சென்ற அம்புலன்ஸ் சாரதி ஒருவர், ஓய்வு வேளைகளில் வைக்கோற் குவியலையே மேசையாகக் கொண்டு எண்களைக் கூட்டியும் கழித்தும் எழுதிவந்தார். அவரே லூயிஸ் பிறை றிச்சாட்சன்.

1881 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலே குவேக்கர் குடும்பமொன்றிற் பிறந்தவர்; 1913 முதல் ஸ்கொத்லாந்தின் எஸ்க்டேல்மூர் அவதான நிலையத் தலைவராயிருந்தவர். தம் சமயக் கொள்கையால் படைக்கலம் ஏந்த மறுத்தார். ஆயினும் போரின் துயரிலிருந்து ஒதுங்கி நிற்கவும் மனம் இடந்தரவில்லை. 1916 இற் பதவியைத் துறந்து குவேக்கரின் அம்புலன்ஸ் அணியிற் சேர்ந்தார்.

காற்றோட்டத்தை ஆளும் வகையீட்டுச் சமன்பாடுகள் முன்னரே அறியப்பட்டவை. அவற்றைத் தீர்ப்பதே அரிது. றிச்சாட்சன் வளிமண்டலத்தைச் சதுரங்கப் பலகைபோற் கட்டங்களாகவும், மேன்மேல் அடுக்கிய ஐந்து படைகளாகவும் பிரித்தார். இடையறாத மாற்றத்துக்குப் பதிலாக அண்டைக் கட்டங்களின் வேறுபாட்டை எடுத்துக்கொண்டார். எண்கணிதம் அறிந்த எவரும் செய்யத்தக்க கணக்கு அது. பொறுமைதான் எல்லையின்றி வேண்டும்! 1910 மே 20ஆம் நாட் காலை ஆறு மணிநேரத்துக்குரிய மாற்றத்தைக் கணிக்க அவருக்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் சென்றன. தென் ஜேர்மனியில் அமுக்கம் 145 மில்லிபார் உயருமென விடை வந்தது. அன்று அங்கே அமுக்கம் ஏறக்குறைய அசையவேயில்லை.

1917 இல், ஷம்பான் சமரின்போது பின்னணிக்கு அனுப்பப்பட்ட கையெழுத்துப்படி தொலைந்து, சில திங்களின்பின் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலின் அடியிற் கிடைத்தது. பிறராயின் அங்கேயே விட்டிருப்பர். இவரோ 1922 இல் வெளியிட்ட நூலிலே அப்பிழையான விடையை ஒளியாது அச்சிட்டார். தொடக்கக் காற்றளவைகளே பிழையென அவர் கருதினார். அவ்வளவைகளைச் சீர்செய்து மீளக் கணித்த பின்னோர் பொருத்தமான விடையே கண்டனர். கட்டத்தின் அளவுக்கேற்ப நேரப்படியையும் குறுக்கவேண்டும் என்பதோ, 1928 இற் கூரான், பிரீட்ரிக்ஸ், லேவி ஆகியோரின் கட்டுரையாலேதான் தெளிவாயிற்று. உலகெங்கும் வானிலையோடு போட்டியிட்டுக் கணிக்க 64,000 பேர் வேண்டுமென அந்நூலிலே மதிப்பிட்டிருந்தார். நகைத்தவர் இருந்திருப்பின் வியப்பில்லை.

போரின்பின் வானிலைத் திணைக்களத்துக்கு மீண்டவர், 1920 இல் அது விமான அமைச்சின்கீழ் வந்ததும் விலகினார். தம் வளியாராய்ச்சியிலே நச்சுவாயு நிபுணர் நாட்டங் கொண்டமை கண்டபோது அத்துறையையே கைவிட்டு, வெளியிடாதவற்றை அழித்தார் என அவர் மனைவியார் பின்னர் தெரிவித்தார். போருக்குரிய காரணங்களைக் கணிதத்தால் ஆராய்வதிலே பிற்காலம் கழிந்தது.

1950 இல் அமெரிக்காவிலே சாணி, வொன் நொய்மன் முதலியோர் சமன்பாடுகளை எளிதாக்கி, எனியாக் என்னும் மின்கணிப்பொறியால் வானிலையைக் கணித்தனர். ஒரு நாளின் வானிலைக்கு ஏறத்தாழ ஒரு நாள் சென்றது. பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிக்க இராணுவம் ஆக்குவித்த பொறி அது. சாணி அனுப்பிய முடிவுகளைக் கண்டு றிச்சாட்சன் மகிழ்ந்து பாராட்டி எழுதினார். 1953 செப்டெம்பர் 30ஆம் நாள் ஸ்கொத்லாந்திலே காலமானார்.