தேசிங்கு ராஜன்

போர்க்களத்தில் புரவிக்கு ஏற்றம் தராத தேசம் அரிது. கீழ்த்திசையிலுள்ள கொரியா தேசத்தில், அனாக் என்னுமிடத்தில், கோகுர்யோ இராச்சியத்தின் காலத்துக் கல்லறை ஒன்று உளது. கி. பி. 357-ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துக்களையுடைய அக்கல்லறையின் சுவர்ச் சித்திரங்களில், வீரனேயன்றி அவன் ஊர்ந்து செல்லும் குதிரையும் கவசம் பூண்டிருக்கக் காண்கிறோம். நம் தமிழ் நாட்டிற்கோ நற்புரவி கடல் கடந்து வந்த செல்வமாகும். பாண்டியர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பரிகளைப் பெரும்பொருள் ஈந்து வாங்கினர் என்றும், பேணும் வகை அறியாமையால் அவற்றுட் பெரும்பாலன மடிந்தன என்றும் மார்க்கோ போலோ எழுதிச் சென்றார்.

இத்தகைய நாட்டில், குதிரை என்றதும் பாமரரும் நினைக்கும் பெயர் தேசிங்கு என்பதே. இயற்பெயர் தேஜ் சிங். அவன் தமிழனல்லன், வடக்கே பந்தேல்கண்டு நாட்டு ராஜபுத்திரன். தந்தையாகிய சரூப் சிங், ஔரங்கசீப்பின் ஆட்சியில் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவனாக நியமிக்கப்பெற்றவன். அவன் 1714-இல் இறக்கவே, இளைஞனான தேசிங்கு செஞ்சியின் ஆட்சியை ஏற்றான். அப்பொழுது அவனுக்கு வயது இருபத்திரண்டு என்பர்.

ஆர்க்காட்டு நவாபு சாததுல்லா கான் அவனது உரிமையை ஒப்பவில்லை. சரூப் சிங் காலத்திலிருந்து செலுத்தப்படாத கப்பப்பணம் பெருந்தொகையாய் நின்றது. அதனைக் கேட்டு நவாபு படையெடுத்தான். 1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், செஞ்சிக்கு அணித்தான கடலி என்னும் ஊரருகே போர் மூண்டது. நவாபின் பக்கம் பல்லாயிரவர். தேசிங்கின் பக்கம் சில நூறு குதிரை வீரரே. ஆறு பெருக்கெடுத்தோடிய வேளையிலும் அவன் வெள்ளத்திற் பரியைச் செலுத்திக் கரையேறினான் எனக் கதைப்பாடல் கூறும். அவனுடைய ஆருயிர்த் தோழன் மகமத் கான், மணக்கோலத்தை விடுத்துக் களம் புகுந்து மாண்டான் என்றும் அது பாடும். முடிவில் தேசிங்கும் குண்டுபட்டு வீழ்ந்தான். அவனுடைய இளமனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் பெயரால் நவாபு அமைத்ததே இராணிப்பேட்டை என்பது வழக்கு.

நிற்க. அவன் கோட்டையை விட்டு வெளியேறியது தகுமோ என்று ஆராய்தல் நம் கடன். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் முக்குன்றங்களையும் சுற்றி வளைத்த அம்மதில்கள், 1690 முதல் 1698 வரை மொகலாயப் பெரும்படையையே தடுத்து நின்றவை. அவற்றினுள் தங்கியிருப்பின் பேசவும் இணங்கவும் காலம் வாய்த்திருக்கலாம். ஆயினும் மதிலுக்குள் குதிரைக்கு வேலையில்லை. வெட்டவெளியில் விரைந்து பாய்தலே குதிரை வீரன் பயின்ற போர். அதனையே அவன் தேர்ந்தான். வெடிமருந்தின் வலிமையை நாள்தோறும் கண்ணாற் காணும் சிவகாசி வட்டாரத்தாராகிய நாம் ஒன்றை எளிதில் உணர்வோம்: பரியின் வேகமும் இரும்புக் கவசமும் துப்பாக்கிக் குண்டின்முன் தம் பழைய மதிப்பை இழந்து வந்த காலம் அது. தலைவனுடைய அஞ்சாமைக்கு, அவனை நம்பி உடன் சென்றோரும் விலை கொடுத்தனர் என்பதை மறத்தல் ஆகாது.

எனினும், சில மாதமே ஆண்டவனை மக்கள் முந்நூறு ஆண்டுகளாக மறவாதிருப்பது ஏன்? ஆட்சித் திறத்தாலன்று, வெற்றியாலுமன்று. வடநாட்டு ராஜபுத்திரனும் இஸ்லாமியத் தோழனும் ஒருவர்க்காக ஒருவர் உயிர் துறந்தனர் என்ற அன்பே தமிழ் மக்கள் நெஞ்சைக் கவர்ந்தது. வென்ற நவாபின் பெயரை அறியாதாரும் தோற்ற இளைஞனின் கதையைப் பாடுகின்றனர். செஞ்சிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அங்குச் செல்லும் மாணவ நண்பர்கள் குன்றின் உயரத்தை வியப்பதோடு அமையாது, நீலாம்பூண்டிக்கும் சென்று, அங்குள்ள மகமத் கானின் சமாதியையும் கண்டு வருவாராக. வீரம் சிறந்ததே, வீரத்தினும் நட்புச் சிறந்தது, அவ்விரண்டையும் காத்து நடத்துவது விவேகம்.