முக்கோணங்களால் நிலமளந்தவர்

சென்னைக்கு வடக்கே, தமிழக எல்லையைக் கடந்தவுடன் ஆந்திர மண்ணில் அமைந்துள்ளது ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம். பணியின் பொருட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பல அங்குக் குடியேறியுள்ளன. அந்நகரில் ஒரு தொழிற்சாலை எழும்புவதற்கு முன்னர் அவ்விடத்திற்கு முதலில் வருபவர் நில அளவர். அவர் முக்காலியின்மேல் கருவியைப் பொருத்துகிறார், கோணங்களைக் குறிக்கிறார், எல்லைக் கற்களை நடச் செய்கிறார். அவர் கையாளும் கணிதத்தின் பழைய பெயரிலேயே அதன் பிறப்பும் அடங்கியுள்ளது.

ஜியோமெட்ரி என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். அதன் முற்பகுதி நிலத்தையும் பிற்பகுதி அளத்தலையும் குறிக்கும். எகிப்தில் நைல் ஆற்றின் வெள்ளம் வயல்களை அரித்துச் செல்லும். இழந்த நிலத்தின் அளவிற்கேற்ப வரியைக் குறைக்க அரசன் அளவர்களை அனுப்புவான். அப்பழக்கத்திலிருந்தே இக்கணிதம் தோன்றியிருக்க வேண்டும் என்று ஹெரோடோட்டஸ் என்னும் பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் கருதினார். வடமொழியில் இதற்கு க்ஷேத்திர கணிதம் என்று பெயர். க்ஷேத்திரம் என்றால் வயல். இன்று தமிழில் நாம் வழங்கும் வடிவியல் என்னும் சொல்லோ, வடிவங்களை ஆராயும் இயல் என்று பொருள்படும். நிலத்தை அளத்தல், வடிவத்தை ஆராய்தல் என்னும் இவ்விரு பொருளும் ஒருவர் வாழ்வில் ஒன்றாய் இணைந்தன. அவரே வில்லியம் லாம்டன்.

லாம்டன் இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்ஷயரில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். படையில் சேர்ந்து வட அமெரிக்கா சென்ற அவர், அமெரிக்க விடுதலைப் போரில் சிறைப்பட்டார். விடுதலையான பின்னர்க் கனடாவில் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஆரவாரமற்ற அந்நாள்களில் கணித நூல்களைத் தாமே ஆழ்ந்து கற்றார். கதிரவன் மறைப்பைத் தக்க பாதுகாப்பின்றி நோக்கியதால் அவருக்கு ஒரு கண்ணின் பார்வை குன்றியது என்பர்.

பின்னர் அவர் தம் படைப்பிரிவுடன் இந்தியா வந்தார். 1799ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணப் போரின்போது, இரவில் சென்ற படை திசை தவறியதை விண்மீன்களைக் கண்டு உணர்த்தினார். போர் முடிந்ததும், தென்னிந்தியாவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை துல்லியமாக அளக்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். சென்னை ஆளுநர் அதற்கு இசைந்தார். வரி தண்டவும் படை நடத்தவும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலப்படங்கள் தேவைப்பட்டன. லாம்டனுக்கோ மற்றொரு வேட்கையும் இருந்தது. புவியின் வளைவை அளந்து அதன் உண்மையான வடிவத்தை அறிய அவர் விரும்பினார்.

மலையும் காடும் ஆறும் நிறைந்த நாட்டைச் சங்கிலி கொண்டே முழுதும் அளத்தல் இயலாது. வடிவியல் அதற்கு வழி காட்டியது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலும் உள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டு அறியலாம். அவ்வாறு அறிந்த பக்கத்தின்மீது அடுத்த முக்கோணத்தை அமைக்கலாம். தரையில் ஒரே ஒரு கோட்டைப் பிழையின்றி அளந்துவிட்டால் போதும். அதன்பின் கோணங்களை அளந்தே நாட்டைக் கடந்துவிடலாம்.

அந்த முதற்கோட்டை அளக்கும் பணி 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கியது. கோட்டின் நீளம் சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். அளக்கும் எஃகுச் சங்கிலியின் நீளம் 100 அடி. எனவே, அச்சங்கிலியை ஏறத்தாழ 400 முறை வைத்து அளக்க வேண்டியிருந்தது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் ஒவ்வொரு முறையும் வெப்பநிலையும் குறிக்கப்பட்டது.

கோணங்களை அளக்கும் தியோடலைட் என்னும் பெருங்கருவி இலண்டனில் செய்யப்பட்டது. அதன் எடை சுமார் அரை டன். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். அறிவியல் கருவி என்பதை அறிந்ததும் அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தனர்.

சென்னையில் தொடங்கிய முக்கோணங்கள் பெங்களூரை அடைந்தபோது, 1804ஆம் ஆண்டு அங்கும் ஒரு கோடு தரையில் அளக்கப்பட்டது. கணக்கிட்ட நீளத்திற்கும் நேரே அளந்த நீளத்திற்கும் இடையே சில அங்குலங்களே வேறுபாடு இருந்தது. முக்கோணங்கள் மங்களூரை எட்டியபோது, தீபகற்பம் பழைய நிலப்படங்கள் காட்டியதைவிட ஏறத்தாழ 40 மைல் குறுகியது என்பது தெரியவந்தது.

1808ஆம் ஆண்டு பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. தஞ்சைச் சமவெளியில் மலைகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. எனவே, பெரிய கோயிலின் விமானத்தின்மேல் கருவியை ஏற்ற முயன்றனர். பாதி வழியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியதால் கோணங்களைக் காட்டும் அதன் வட்டம் வளைந்து சிதைந்தது. அதைச் செப்பனிடும் தொழிற்கூடம் இந்நாட்டில் இல்லை. லாம்டன் மனம் தளரவில்லை. கூடாரத்தினுள் தங்கி, ஆறு வாரங்கள் உழைத்து, அவ்வட்டத்தைச் சிறிது சிறிதாகப் பழைய வடிவிற்குக் கொண்டு வந்தார். பணி மீண்டும் தொடர்ந்தது.

அக்கோயிலை எழுப்பிய முதலாம் இராசராசனும் நிலமளந்த மன்னனே. கி.பி. 1001 அளவில் அவன் சோழநாட்டு நிலங்களை அளக்கச் செய்தான். நிலமளந்த கோல் உலகளந்த கோல் என்று பெயர் பெற்றது. எண்ணூறு ஆண்டுகள் இடைவிட்டு நடந்த இரு பேரளவைகளின் நினைவும் அவ்விமானத்தில் சேர்ந்து நிற்கிறது.

லாம்டனின் பணி அவர் ஒருவரால் நடந்ததன்று. சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்ற இளைஞர்கள் அவருக்குத் துணை நின்றனர். கொடி பிடித்தோரும் சுமை தூக்கியோரும் மலைதோறும் உடன் ஏறினர். அவர்களுள் பெரும்பாலோர் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை.

1817ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகம் லாம்டனை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. முதுமையிலும் அவர் ஓயவில்லை. வடக்கு நோக்கிச் செல்லும் வழியில், 1823ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இன்றைய மகாராட்டிரத்தில் உள்ள இங்கன்காட் என்னும் ஊரில் காலமானார். கன்னியாகுமரிப் பகுதியில் தொடங்கி வடக்கே வளர்ந்த முக்கோணச் சங்கிலியை, அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் இமயமலை அடிவாரம் வரை கொண்டு சென்றார். உலகின் மிக உயர்ந்த சிகரத்திற்கு எவரெஸ்டின் பெயர் வாய்த்தது. முதற்கோட்டை அளந்த லாம்டனை அறிந்தோர் சிலரே.

இன்று நிலமளக்கச் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. ஆயினும், அவற்றின் கணக்கிற்கும் வடிவியலே அடிப்படை. ஸ்ரீ சிட்டியில் எல்லைக்கல் நடும் அளவரும், வகுப்பறையில் முக்கோணம் வரையும் மாணவரும் பயில்வது அந்தப் பழைய கலையையே.

அருஞ்சொற்பொருள்
தண்டுதல் – வரி வசூலித்தல்
வேட்கை – மிகுந்த விருப்பம்
விமானம் – கோயிற் கருவறையின் மேல் எழும் கட்டடம்
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்

விடை எழுதுக
1. ஜியோமெட்ரி, வடிவியல் ஆகிய சொற்களின் பொருள் வேறுபாடு யாது?
2. தஞ்சையில் கோயில் விமானத்தின்மேல் கருவியை ஏற்ற முயன்றது ஏன்?
3. முதற்கோட்டில் பிழை நேர்ந்திருந்தால் அடுத்தடுத்த முக்கோணங்கள் என்னவாகியிருக்கும்? படம் வரைந்து விளக்குக.