நூர் இனாயத் கான்: ஒரு கோவை சொல்லும் வரலாறு

ஒற்றர் கதையென்றால் உங்கள் பிள்ளைகள் ஆவலோடு கேட்பார்கள். அவர்களுக்கு நூர் இனாயத் கானின் வரலாற்றைச் சொல்லுங்கள். லண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் பேணப்படும் அவரது கோவையைத் துணைக்கொண்டு சொல்வது இன்னும் நன்று.

நூர் 1914 ஜனவரி 1ஆம் திகதி மொஸ்கோவில் பிறந்தார். தந்தை மைசூர் திப்பு சுல்தானின் வழிவந்த சூபி ஞானி, தாய் அமெரிக்கர். பாரிஸ் அருகே வளர்ந்த நூர் சிறுவர் கதைகள் எழுதினார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஜாதகக் கதைகள் 1939இல் நூலாக வெளிவந்தன. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது இங்கிலாந்து சென்று, விமானப்படையின் மகளிர் துணைப்படையில் சேர்ந்து, கம்பியில்லாத் தந்தி பயின்றார். பின்னர் இரகசிய சேவைக்குத் தெரிவானார்.

கோவையிலுள்ள பயிற்சி அறிக்கை அவரைப் புகழவில்லை. உழைப்பாளி என்று ஒப்புக்கொண்டாலும், அறிவுக்கூர்மை போதாது, உணர்ச்சிவசப்படுபவர், களப்பணிக்கு ஏற்றவரா என்பது ஐயமே என்கிறது. எனினும் 1943 ஜூனில் அவர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். சில நாட்களுக்குள் தோழர்கள் பலர் பிடிபட்டனர். நாடு திரும்பும் வாய்ப்பு வந்தும் மறுத்து, வீட்டுக்கு வீடு இடம்மாறி, லண்டனுக்குச் செய்தி அனுப்பி வந்தார்.

ஒக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார். தாம் அனுப்பிய செய்திகளையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்; அதுவும் எதிரியின் கையில் சிக்கியது. அதைக் கொண்டு ஜேர்மனியர் அவர் பெயரில் லண்டனை ஏமாற்றினர். அதை நம்பிப் பின்னர் அனுப்பப்பட்ட சிலர் பிடிபட்டு மாண்டனர். நூரோ விசாரணையில் எதையும் வெளியிடவில்லை. தப்ப முயன்று மீண்டும் பிடிபட்டார். ஜேர்மன் சிறையில் மாதக்கணக்காக விலங்கிடப்பட்டிருந்தார். 1944 செப்டம்பர் 13இல் டக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பது. 1949இல் பிரித்தானியா அவருக்கு ஜோர்ஜ் சிலுவைப் பதக்கம் அளித்தது.

பெற்றோரே, ஆசிரியரே, பயிற்சி அறிக்கையையும் பதக்கம் அளித்தபோது வெளியான அரசாங்க அறிவித்தலையும் அருகருகே வைத்து மாணவரை வாசிக்கச் செய்யுங்கள். பயிற்றுநர் எதைக் கண்டார், எதைக் காணவில்லை என்று கேளுங்கள். அந்தக் கொப்பியையும் மறைக்க வேண்டாம். துணிவுள்ளவரும் தவறலாம், அத்தவறுக்குப் பிறர் விலை கொடுக்க நேரலாம் என்பதைப் பிள்ளைகள் அறியட்டும். அடுத்த தவணை உங்கள் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும்போது, நூரின் பயிற்சி அறிக்கையையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.