விழுந்த கம்பங்களை மீண்டும் நட்டவர் மார்க்கோனி

பெரியோர் வாழ்வைப் படிக்கும்போது அவர்கள் பெற்ற பரிசுகளையும் பட்டங்களையும் நாம் வியந்து நோக்குகிறோம். அவற்றுக்கு முன்னால் அவர்கள் கண்ட இழப்புகள் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. கம்பியில்லாத் தந்தியை உலகுக்கு வழங்கிய குலியெல்மோ மார்க்கோனியின் வாழ்வில் அத்தகைய பேரிழப்பு ஒன்று உண்டு. ஒரே ஆண்டில், அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் அவர் எழுப்பிய கம்பங்கள் புயலில் சாய்ந்தன. அதன்பின் அவர் செய்ததையே இங்கு நாம் சிறப்பாகக் காண விரும்புகிறோம்.

மார்க்கோனி இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் 1874ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜூசெப்பே நிலக்கிழார். தாய் ஆனி அயர்லாந்து நாட்டவர். ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்த மின்காந்த அலைகளைப் பற்றிப் படித்த இளைஞர் மார்க்கோனிக்கு, அவ்வலைகளைக் கொண்டு செய்தி அனுப்ப இயலும் என்ற எண்ணம் உதித்தது. தாயார் துணை நின்றார். பொன்டெக்கியோவில் இருந்த தம் வீட்டின் மாடியே அவருக்கு ஆய்வுக்கூடம் ஆயிற்று.

1895ஆம் ஆண்டில் அவர் ஒரு பேருண்மையைக் கண்டார். கருவியின் ஒரு முனையை மண்ணில் புதைத்து, மறு முனையை உயர்ந்த கம்பத்தில் ஏற்றினால் குறி நெடுந்தொலைவு செல்கிறது. கம்பம் உயர உயரத் தொலைவும் கூடுகிறது. இதுவே பிற்காலத்தில் நம் வீட்டுக் கூரைகளில் ஏறிய ஏரியலின் தொடக்கம். அண்ணன் அல்போன்சோ வாங்கு கருவியோடு குன்றுக்கு அப்பால் சென்று, குறி வந்து சேர்ந்ததும் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டுத் தெரிவித்தாராம்.

1896இல் தாயுடன் இலண்டன் சென்ற மார்க்கோனிக்கு அங்கு ஆதரவு கிட்டியது. 1897இல் பிரிஸ்டல் கால்வாயையும், 1899இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலையும் அவருடைய குறிகள் கடந்தன. அதே 1899இல், மூடுபனியில் ஒரு கப்பல் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் சிக்கியது. அருகே நின்ற விளக்குக் கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தி வழியே கரைக்குச் செய்தி பறந்தது. மீட்புப் படகு விரைந்தது. உயிர் காக்கும் கருவியாக வானொலி விளங்கும் என்பதற்கு இது முதற்சான்றுகளுள் ஒன்று.

அடுத்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்க விரும்பினார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலைச் சேர்ந்த போல்டூ என்னுமிடத்தில், 60 மீட்டர் உயரமுள்ள 20 கம்பங்கள் வட்டமாக நிறுத்தப்பட்டன. அவற்றின் உச்சிகள் ஒன்றோடொன்று கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன. இந்த அமைப்பு காற்றைத் தாங்காது என்று பொறியாளர் விவியன் முன்னரே எச்சரித்திருந்தார். 1901 செப்டம்பரில் புயல் வீசியது; ஒன்று சாயவே மற்றவையும் உடன் சாய்ந்தன. நவம்பரில், அமெரிக்காவின் கேப் காட் நிலையத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. பெரும் பொருட்செலவும் பல மாத உழைப்பும் வீணாயின.

மார்க்கோனி சோர்ந்து அமரவில்லை. போல்டூவில் இரண்டு கம்பங்களை மட்டும் நிறுத்தி, அவற்றுக்கிடையே 54 கம்பிகளை விசிறி போல் தொங்கவிடச் செய்தார். பிறகு கெம்ப், பேஜெட் என்னும் இரு உதவியாளருடன், கம்பங்களுக்குப் பதிலாகப் பலூன்களையும் பட்டங்களையும் எடுத்துக்கொண்டு நியூபவுண்ட்லாந்து தீவுக்குக் கப்பலேறினார். அங்கும் காற்று அவர்களை விடவில்லை. ஒரு பலூன் அறுத்துக்கொண்டு போயிற்று. ஒரு பட்டமும் போயிற்று. 1901 டிசம்பர் 12ஆம் நாள், மற்றொரு பட்டம் சுமார் 150 மீட்டர் கம்பியைத் தூக்கிக்கொண்டு பறந்தது. போல்டூ நிலையம் மோர்ஸ் குறியில் மூன்று புள்ளிகளை மீண்டும் மீண்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. நண்பகலில் மார்க்கோனி அதைக் கேட்டார், கெம்பும் கேட்டார்.

இருவர் செவியன்றி வேறு சான்று இல்லாமையால் பலர் ஐயுற்றனர். அந்த ஐயம் இன்றும் முழுதும் தீரவில்லை. மார்க்கோனி வாதாடுவதைவிட மீண்டும் சோதிப்பதே மேல் என்று கண்டார். 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் பயணம் செய்து, வந்த குறிகளைத் தாள்நாடாவில் பதிவு செய்தார். பகலில் சுமார் 1,100 கிலோமீட்டர் வரையும், இரவில் 3,000 கிலோமீட்டருக்கு மேலும் குறிகள் எட்டின. வானின் மேலடுக்கில் உள்ள மின்னூட்டப் படலமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனப் பின்னர் விளங்கிற்று. போல்டூவிலும் வலுவான நான்கு மரக்கோபுரங்கள் எழுந்தன.

1909இல் பிரான் என்னும் அறிஞருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, கம்பியில்லாத் தந்தி கேட்டு விரைந்த கார்பேதியா கப்பல் எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது.

கத்தோலிக்கராகிய நமக்கு 1931 பிப்ரவரி 12 மறக்கவொண்ணாத நாள். மார்க்கோனி அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியை அன்று பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தொடங்கிவைத்து, இலத்தீன் மொழியில் உலக மக்களுக்கு உரையாற்றினார். கண்டங்கள் கடந்து பாப்பரசரின் குரல் ஒரே வேளையில் ஒலித்தது அதுவே முதன்முறை.

அவர் வாழ்வில் குறைகளும் உண்டு. 1923இல் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்து, அவ்வாட்சியில் உயர்பதவி வகித்தார். வானொலி அவர் ஒருவரின் ஆக்கமும் அன்று. நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ், அவருக்கு முன்பே அலைகளை உணரும் கருவிகளை ஆய்ந்தவர். புகழ் ஒருவர் தலைமேல் விழும்போது, பலருடைய உழைப்பு அதன் கீழே மறைந்து விடுகிறது.

1934இல் இத்தாலியக் கடற்கரையில், கரையிலிருந்து வரும் வானொலி அலையை மட்டும் நம்பி, முன்பக்கம் பார்க்க இயலாதபடி மறைக்கப்பட்ட தம் எலெத்ரா கப்பலை இரு மிதவைகளுக்கு நடுவே செலுத்திக் காட்டினார். இருளிலும் பனியிலும் வழிகாட்டும் வானொலிக் கலங்கரை விளக்கம் அது. 1937 ஜூலை 20ஆம் நாள் உரோமையில் அவர் மறைந்தபோது, உலகின் பல வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன.

போல்டூவின் மூன்று புள்ளிகளைப் போல ஒரே குறியை ஓயாது ஒலிக்கும் நிலையங்களை, அமெச்சூர் வானொலியினர் உலகின் பல பாகங்களில் நிறுவினர். அவற்றுள் 18 நிலையங்கள் முறை வைத்து, பத்துப் பத்து நொடியாகக் குறி அனுப்பும் திட்டம் ஒன்றும் வகுக்கப்பட்டது. அதில் அண்டை நாடான இலங்கையும் இடம்பெற்றது. எந்தத் திசைக்கு, எந்த வேளையில் அலை எட்டுகிறது என்பதை அக்குறிகளைக் கேட்டே அறிகின்றனர். அவற்றின் கம்பங்களில் துருவைச் சுரண்டி, தளர்ந்த கம்பியை இழுத்துக் கட்டுவோர் ஊதியம் கருதாத் தொண்டர்கள். அவர்கள் பெயர் எந்நூலிலும் வருவதில்லை. அவர்கள் கைசோர்ந்தால் குறி நின்றுபோகும்.

அன்பு மாணவியரே! கம்பத்தை எழுப்பும் நாளில் எல்லோரும் கூடி மகிழ்வர். புயலுக்கு மறுநாள் காலையில் கயிற்றுடன் வருபவர் சிலரே. கல்வியிலும் இல்லத்திலும் இறைவேண்டலிலும் அந்தச் சிலருள் ஒருவராக விளங்க இறைவன் நமக்கு அருள்வாராக!