மார்கரெட் டேஹாஃப் அம்மையார்

சிதறிக் கிடக்கும் மணிகள் நூலிற் கோக்கப்பட்டாலன்றி மாலையாகா. அறிவும் அத்தகையதே. ஆய்வாளர் பலர் தனித்தனியே கண்ட உண்மைகளை ஒருங்கே தொகுத்து, அனைவர்க்கும் பயன்படச் செய்தவர் மார்கரெட் டேஹாஃப் அம்மையார். கணிப்பொறியின் துணைகொண்டு உயிரியலை ஆராயும் உயிர்த் தகவலியல் என்னும் துறைக்கு வித்திட்டோருள் இவர் தலைசிறந்தவர்.

இவர் 1925ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரிற் பிறந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றார். பின்னர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வு மேற்கொண்டார். வணிகக் கணக்குகளுக்குப் பயன்பட்ட துளையட்டைப் பொறிகளைக் கொண்டு மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட்டு, டாக்டர் பட்டம் பெற்றார். பெண்மக்கள் இருவரை வளர்க்கும் பொருட்டுச் சில ஆண்டுகள் ஆய்வினின்று விலகியிருந்த இவர், 1960இல் தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திற் பணியேற்றார்.

நம் உடலில் தொழிற்படும் புரதங்கள், இருபது வகை அமினோ அமிலங்கள் சங்கிலிபோல் இணைந்து அமைந்தவை. அவ்வரிசையை அறிய, புரதத்தைத் துண்டுகளாக்கி ஆராய்ந்து, மீண்டும் முறையாகப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். மிகுந்த உழைப்பை வேண்டும் இப்பணியைச் சில நிமிடங்களில் முடிக்கவல்ல கணிப்பொறி நிரலை, அம்மையாரும் ராபர்ட் லெட்லி என்பாரும் 1962இல் வெளியிட்டனர். மூன்றெழுத்தால் குறிக்கப்பெற்ற அமிலங்களை ஓரெழுத்தாலேயே குறிக்கும் முறையையும் அம்மையார் வகுத்தார். கணிப்பொறியில் இடம் மிகுதியும் குறைந்தது.

1965ஆம் ஆண்டு, அறுபத்தைந்து புரதங்களின் வரிசைகளைத் தொகுத்து இவரும் இவர்தம் குழுவினரும் நூலாக வெளியிட்டனர். பிறர் கண்டவற்றைத் தொகுத்தல் ஆராய்ச்சியாகுமோ எனச் சிலர் ஐயுற்றனர். வெளியிடாத முடிவுகளை அனுப்பவும் சிலர் தயங்கினர். அம்மையார் மனம் தளரவில்லை. ஒவ்வொரு வரிசையையும் சரிபார்த்துத் தொகுப்பை விரிவாக்கினார். காலப்போக்கில் ஓர் அமினோ அமிலம் மற்றொன்றாக மாறும் அளவைக் காட்டும் அட்டவணைகளை அத்தொகுப்பினின்றே உருவாக்கினார். உயிரினங்களின் உறவுமுறையை அறிய அவை பெரிதும் துணைபுரிந்தன. தொகுத்தலும் ஆராய்ச்சியே என்பது தெளிவாயிற்று.

1980இல், தொலைபேசி வழியாகவே ஆய்வாளர்கள் அத்தொகுப்பைப் பயன்படுத்த இவர் வழி செய்தார். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பவர்க்கும் அறிவுக் களஞ்சியத்தின் கதவு திறந்தது. 1983ஆம் ஆண்டு, தம் ஐம்பத்தேழாம் வயதில் அம்மையார் மறைந்தார். இவர் தொடங்கிய தொகுப்பு 2002இல் யூனிப்ராட் என்னும் உலகத் தொகுப்புடன் இணைந்து, இன்றும் ஆய்வாளர்க்கு உதவி வருகின்றது.

புதியன காண்டல் சிறப்புடையது. கண்டவற்றைப் பிறர்க்கும் எட்டச் செய்தல் அதனினும் குறைந்ததன்று. மாணவர்கள் இவ்வுண்மையை அம்மையாரின் வாழ்வால் அறிந்து போற்றுவார்களாக.