ஓரத்தில் ஒரு வட்டம்!

பழைய சினிமா பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், துளைகளை ஒட்டி ஓரத்தில் சின்னக் குறிகள் தெரியும். ஒரு வட்டம். அல்லது சதுரம், முக்கோணம்!

திரையில் இவை விழுவது இல்லை. ஆனால் பிலிமின் வயதைச் சொல்பவை இவைதான். இந்தக் குறிகளைப் போட்டது கோடக் கம்பெனி. அதை நிறுவியவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன்.

3 டாலர் சம்பளம்

ஈஸ்ட்மன் 1854-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். 7 வயதில் தந்தையை இழந்தார். தாயார் மரியா, வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, மூன்று பிள்ளைகளை வளர்த்தார்.

14-வது வயதில் ஜார்ஜின் படிப்பு நின்றது. இன்ஷ்யூரன்ஸ் ஆபீசில் எடுபிடி வேலை. வாரம் 3 டாலர். பிறகு பாங்கியில் குமாஸ்தா ஆனார்.

போட்டோ எடுப்பதில் அவருக்குப் பைத்தியம். அப்போது கண்ணாடித் தட்டில்தான் படம் எடுப்பார்கள். ஒரு படம் எடுக்க ஒரு மூட்டைச் சாமான் வேண்டும்! பகலில் பாங்கி, இரவில் தாயாரின் சமையல் அறையில் மருந்து ஆராய்ச்சி என்று உழைத்தார். 1888-ல் கோடக் காமிரா வந்தது. 1889-ல் சுருட்டக்கூடிய, ஒளி ஊடுருவும் பிலிம் வந்தது. எடிசன் கூடத்தில் சினிமா பிறந்தது இந்தப் பிலிமில்தான்.

தண்ணீரிலும் எரியும்!

ஆனால் அதில் ஓர் ஆபத்து. நைட்ரேட் பிலிம் வெடிமருந்துக்கு உறவு. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதிலேயே இருக்கிறது.

1923-ல் வீட்டில் படம் எடுப்பதற்கான 16 மில்லிமீட்டர் பிலிமைக் கோடக் விற்றது. அது எளிதில் தீப்பிடிக்காத வகை மட்டுமே. அதன் ஓரத்தில் "சேப்டி" என்று இருக்கும். தியேட்டர்களுக்கோ, 1950-ஐ ஒட்டிய காலம் வரை நைட்ரேட்தான்.

வட்டம் என்றால் 1916. சதுரம் 1917. முக்கோணம் 1918. 20 ஆண்டுக்கு ஒரு முறை அதே குறி திரும்பி வரும். வட்டம் 1936 ஆகவும் இருக்கலாம், 1956 ஆகவும் இருக்கலாம். பிலிம் நைட்ரேட் என்றால் 1956-ஐத் தள்ளிவிடலாம். இன்னொன்று: குறி சொல்வது பிலிம் தயாரான ஆண்டை, படம் பிடித்த ஆண்டை அல்ல.

யார் இந்த ஸ்மித்?

1912-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்கு "ஸ்மித்" என்பவர் லட்சக்கணக்கான டாலரைக் கொடுத்தார். யார் என்று ஊரே தேடியது. 1920-ல்தான் உண்மை வெளிப்பட்டது. அவர் ஈஸ்ட்மன்!

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1932-ல் காலமானார். ராச்செஸ்டர் நகரில் அவர் வாழ்ந்த மாளிகை 1949-ல் காட்சிச்சாலை ஆயிற்று. அதைச் சேர்ந்தவர்கள் பழைய நைட்ரேட் பிலிம்களைக் குளிர்ந்த அறைகளில் காத்து வருகிறார்கள்.