தாய்மொழியில் அறிவியல் வளர்த்த சத்யேந்திரநாத் போஸ்

புத்தாண்டின் முதல் நாளான ஜனவரி 1, நம் நாட்டின் அறிவியல் வரலாற்றிலும் நினைவுகூரத்தக்க ஒரு நாளாகும். 1894-ஆம் ஆண்டில் அந்த நாளில்தான் கல்கத்தாவில் சத்யேந்திரநாத் போஸ் பிறந்தார். இயற்கையின் அடிப்படைத் துகள்களில் ஒரு பெரும் பிரிவு அவரது பெயராலேயே 'போஸான்' என்று வழங்கப்படுகிறது. ஆயினும் தமது பெயர் நிலைபெற வேண்டும் என்பதற்காக அவர் செய்த முயற்சி மிகக் குறைவு; பிறர் அறிவு பெற வேண்டும் என்பதற்காக அவர் செய்த முயற்சியோ மிக அதிகம்.

இளமையும் கல்வியும்

தந்தை சுரேந்திரநாத் ரயில்வே துறையில் பணியாற்றியவர். தாய் ஆமோதினி தேவி. ஏழு குழந்தைகளில் மூத்தவரான சத்யேந்திரர் ஒருவரே மகன். மற்ற அறுவரும் பெண்கள். தந்தை வேலைக்குப் புறப்படுமுன் வீட்டுத் தரையில் கணக்குகளை எழுதிவைத்துச் செல்வார் என்றும், அவர் திரும்புவதற்குள் மகன் அவற்றை முடித்து வைத்திருப்பார் என்றும் கூறுவதுண்டு. இந்துப் பள்ளியில் அவர் பயின்றபோது, கணித ஆசிரியர் ஒரு தேர்வில் அவருக்கு 100-க்கு 110 மதிப்பெண்கள் வழங்கினாராம். கேட்ட வினாக்கள் அனைத்துக்கும் விடையளித்ததோடு, சிலவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் செய்து காட்டியதே அதற்குக் காரணம்.

1909-இல் பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய பேரறிஞர்கள் அங்கு ஆசிரியர்களாக இருந்தனர். பின்னாளில் வானியற்பியலில் புகழ்பெற்ற மேகநாத் சாஹா அவருடைய வகுப்புத் தோழர். 1915-இல் நடந்த முதுகலைத் தேர்வில் சத்யேந்திரர் முதலிடமும் சாஹா இரண்டாமிடமும் பெற்றனர். சர் ஆசுதோஷ் முகர்ஜி இவ்விருவரையும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் புதிய அறிவியல் கல்லூரிக்கு அழைத்துக்கொண்டார்.

அங்கு ஓர் இடர்ப்பாடு காத்திருந்தது. இயற்பியலில் புதிய சிந்தனைகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் வெளிவந்தன. முதல் உலகப் போர் காரணமாக ஐரோப்பாவிலிருந்து நூல்கள் வருவதும் அரிதாயிற்று. நண்பர்கள் இருவரும் தளரவில்லை. ஜெர்மன் மொழியைக் கற்றனர். சார்பியல் கொள்கை பற்றி ஐன்ஸ்டீனும் மின்கோவ்ஸ்கியும் எழுதிய கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920-இல் அதை நூலாக வெளியிட்டது. தாம் கற்றதைப் பிறரும் கற்கும் வகையில் மொழிமாற்றித் தருதல் என்ற பணி, இவ்வாறு அவரது இருபத்தாறாம் வயதிலேயே தொடங்கிவிட்டது.

டாக்காவிலிருந்து ஒரு கடிதம்

1921-இல் டாக்காப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது சத்யேந்திரர் அங்கே ஆசிரியராகச் சென்றார். மாணவர்களுக்குக் கதிர்வீச்சு பற்றிய மாக்ஸ் பிளாங்கின் விதியைக் கற்பிக்கும் பொறுப்பு அவருக்கு அமைந்தது. அவ்விதி 1900-இல் கண்டறியப்பட்டது. சோதனைகளோடு முற்றும் பொருந்தியது. ஆனால் அதைத் தருவித்த முறைகள் பழைய அலைக் கொள்கையையும் புதிய குவாண்டம் கொள்கையையும் ஒருசேரச் சார்ந்திருந்தன. தம் உள்ளத்துக்கே நிறைவு தராத ஒன்றை மாணவர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது என்ற கவலையிலிருந்தே அவரது பெரும் கண்டுபிடிப்பு தோன்றியது.

அதை ஓர் எளிய உவமையால் உணரலாம். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் நான்கு விளைவுகள் உண்டு: இரண்டும் தலை, இரண்டும் பூ, முதலாவது தலை இரண்டாவது பூ, முதலாவது பூ இரண்டாவது தலை. எனவே ஒன்று தலையாகவும் மற்றொன்று பூவாகவும் விழும் வாய்ப்பு, பாதி. இனி, அவ்விரு நாணயங்களுக்கும் 'இது', 'அது' என்ற தனி அடையாளமே இல்லை என்று கொள்வோம். அப்போது கடைசி இரண்டு விளைவுகளும் ஒன்றாகிவிடும். எஞ்சும் மூன்று விளைவுகளையும் சமமாக எண்ணினால், அதே வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒளித்துகள்களை எண்ணும் முறை இத்தகையதே என்று சத்யேந்திரர் கண்டார். இவ்வாறு எண்ணியபோது, பழைய கொள்கையின் துணை சிறிதும் இன்றியே பிளாங்கின் விதி கிடைத்தது.

இங்கிலாந்தின் ஓர் ஆய்விதழுக்கு அவர் கட்டுரையை அனுப்பினார், அது வெளியிடப்படவில்லை. 1924 ஜூன் 4 அன்று, முப்பது வயதான அவர் அக்கட்டுரையை நேரே ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். தகுதியுடையதெனக் கருதினால் ஜெர்மன் இதழ் ஒன்றில் வெளியிட ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொண்டார். அதை மொழிபெயர்க்கும் அளவுக்குத் தமக்கு ஜெர்மன் தெரியாது என்பதையும் மறைக்கவில்லை. உலகப் புகழ் பெற்றிருந்த ஐன்ஸ்டீன் அக்கட்டுரையைத் தம் கையாலேயே ஜெர்மனில் மொழிபெயர்த்து, அதன் முக்கியத்துவத்தை எடுத்துரைக்கும் குறிப்பும் சேர்த்து வெளியிடச் செய்தார். முன்பு ஐன்ஸ்டீனை மொழிபெயர்த்த இளைஞரை இப்போது ஐன்ஸ்டீன் மொழிபெயர்த்தார்! தொடர்ந்து அவர் இம்முறையை அணுக்களுக்கும் விரிவுபடுத்தினார். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் எண்ணற்ற அணுக்கள் ஒரே நிலையில் ஒடுங்கும் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. 1995-இல் அது சோதனைச்சாலையில் மெய்ப்பிக்கப்பட்டது. மெய்ப்பித்தவர்கள் 2001-இல் நோபல் பரிசு பெற்றனர். வழிவகுத்த சத்யேந்திரருக்கு அப்பரிசு கிட்டவில்லை.

ஐரோப்பாவில்

ஐன்ஸ்டீனின் அஞ்சலட்டையைக் கண்ட பல்கலைக்கழகம், இரண்டாண்டுகள் வெளிநாட்டில் பயில அவருக்கு விடுப்பளித்தது. பாரிசில் மேரி கியூரியைச் சந்தித்தபோது, முதலில் சில மாதங்கள் பிரெஞ்சு மொழியைக் கற்றுவருமாறு அம்மையார் அறிவுறுத்தினார். அவருக்கோ அம்மொழி முன்பே தெரியும். ஆயினும் அம்மையாரின் பேச்சில் குறுக்கிட்டு அதைச் சொல்ல அவரது அடக்கம் இடம் தரவில்லை! பின்னர் மோரிஸ் தெ பிராய் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிர் ஆய்வு முறைகளைக் கற்றார். 1925-இல் பெர்லின் சென்று ஐன்ஸ்டீனைச் சந்தித்தார். நாடு திரும்பியபின், முனைவர் பட்டம் பெறாத அவருக்கு ஐன்ஸ்டீனின் பரிந்துரையும் துணைநிற்க, டாக்காவில் பேராசிரியர் பதவி கிடைத்தது.

பகிர்ந்தளித்த வாழ்க்கை

அதன்பின் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் மிகச் சில. மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் வேதியியல், படிகவியல், கணிதம், மொழியியல் எனப் பல துறைகளிலும் கேட்டபோதெல்லாம் உதவினார். ஓய்வு நேரத்தில் எஸ்ராஜ் இசைத்தார். தம் ஆராய்ச்சியிலேயே ஒருமுகமாக நின்றிருந்தால் இன்னும் எவ்வளவோ சாதித்திருப்பார் என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அவர் உள்ளத்தை வேறொரு கேள்வி வாட்டியது. அறிவியல் ஆங்கிலம் அறிந்த சிலரின் உடைமையாகவே இருந்துவிட்டால், கோடிக்கணக்கான மக்களுக்கு அதனால் என்ன பயன்?

1937-இல் ரவீந்திரநாத் தாகூர், பிரபஞ்சத்தை எளிய வங்காளியில் விளக்கும் தமது 'விஸ்வ பரிசய்' என்ற நூலைச் சத்யேந்திரருக்குக் காணிக்கையாக்கினார். அக்காணிக்கையை அவர் ஒரு கடமையாகவே ஏற்றுக்கொண்டதுபோல் அவரது பிற்கால வாழ்க்கை அமைந்தது. 1945-இல் கல்கத்தா திரும்பினார். சுதந்திரத்திற்குப் பின், 1948 ஜனவரியில் 'வங்கீய விஞ்ஞான பரிஷத்' என்ற அமைப்பை நிறுவி, 'ஞான் ஓ விஞ்ஞான்' என்ற வங்காளி அறிவியல் மாத இதழையும் தொடங்கினார். உயர்ந்த அறிவியலைத் தாய்மொழியில் கூற இயலாது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. கலைச்சொற்கள் உருவாகட்டும் என்று காத்திராமல், புழக்கத்திலுள்ள அயற்சொற்களை அப்படியே கொண்டேனும் எழுதத் தொடங்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1962-இல் ஜப்பான் சென்றபோது, அங்கு உயர்கல்வியும் ஆராய்ச்சி விவாதங்களும் ஜப்பானிய மொழியிலேயே நடைபெறுவதைக் கண்டு அவரது உறுதி வலுப்பெற்றது. மறு ஆண்டில், புதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை மட்டுமே வங்காளியில் தாங்கிய ஒரு சிறப்பிதழை அவரது இதழ் வெளியிட்டது. வாதத்திற்கு அவர் அளித்த விடை அதுவே.

விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1954-இல் பத்மவிபூஷண், 1958-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி, பின்னர் தேசியப் பேராசிரியர் பதவி. நோபல் பரிசு கிட்டாதது பற்றி அவர் மனக்குறை கொள்ளவில்லை. தமக்குரிய மதிப்பு அனைத்தும் கிடைத்துவிட்டதாகவே கருதினார். 1974 பிப்ரவரி 4 அன்று கல்கத்தாவில் காலமானார்.

தானங்களில் வித்யாதானம் சிறந்தது என்று போற்றுவது நம் மரபு. பொருளைக் கொடுத்தால் கொடுத்தவரிடம் குறையும். அறிவைக் கொடுத்தால் குறையாது. ஆனால் கொடுப்பவர் தம் காலத்தையும், தமக்கு வரக்கூடிய புகழையும் அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சத்யேந்திரர் அவ்வாறு விட்டுக்கொடுத்தவர். தாம் கற்றதைக் கல்லாதவர்க்கு அவர்களுடைய மொழியிலேயே எடுத்துச்சொல்லும் ஒவ்வொருவரும் அவர் வழியில் நடப்பவரே. புத்தாண்டு நாளில் மேற்கொள்ளத்தக்க நல்ல சங்கல்பங்களுள் அதுவும் ஒன்று.